நெடும்பயணத்துக்குத் தோதான சைக்கிள்: குறைந்த செலவில் தேடுவது எப்படி?

ஜார்ஜ்டவுனில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. லெபோ ஆர்மேனியனிலும் லெபோ சூலியாவிலும் சுற்றுப்பயணிகளுக்கான வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பத்து ஃபெரிங்கி சாலையில் பந்தய சைக்கிள் குழுக்கள் பறக்கின்றன. ஆனால் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டர்வொர்த்தில் தொடங்கி அலோர் ஸ்டார், பாடாங் பெசார் வழியாக ஹட்யாய் வரை சைக்கிளில் போய்வர வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியோ, பணி ஓய்வு பெற்ற ஒருவரோ கடையில் விசாரித்தால், காதில் விழும் விலை அந்த ஆசையை அங்கேயே உட்கார வைத்துவிடுகிறது. நெடும்பயணத்துக்கென்றே செய்த 'டூரிங்' சைக்கிள், அதற்குரிய பைகள், கூடாரம் எல்லாவற்றையும் கூட்டினால் தொகை பல ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும்.

பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் எதிர்ப்பக்கம் போகிறார்கள். பேரங்காடியில் கிடைக்கும் மிக மலிவான சைக்கிளை வாங்கி, பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவதில் ஆபத்து அதிகம். கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரி உரசிக்கொண்டு போகும் நேரத்தில் கேரியரின் திருகாணி முறிந்து பை சக்கரத்துக்குள் விழுந்தால், மிச்சம் பிடித்த 200 வெள்ளிக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். பணம் எங்கே கட்டாயம் தேவை, எங்கே தேவையே இல்லை என்பது தெரிந்தால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம்.

பந்தய சைக்கிள் சுமக்க வேண்டியது ஓட்டுபவரை மட்டும்தான். நெடும்பயண சைக்கிள் அவரோடு 15 அல்லது 20 கிலோ சாமான்களையும், அதுவும் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் சுமக்க வேண்டும். அந்தப் பாரத்தில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. ஆகவே உறுதி என்று பேசும்போது பளபளப்பான பெயிண்டையோ, கியர்களின் எண்ணிக்கையையோ பார்த்துப் பயனில்லை. பின்சக்கரம், அதன் மேல் நிற்கும் கேரியர், இவை இரண்டையும் தாங்கும் ஃபிரேம் ஆகிய மூன்றும்தான் பயணத்தின் தலையெழுத்து.

இது பினாங்கு அறியாத சங்கதி அல்ல. பின்னால் பெட்டி கட்டி, தெருத்தெருவாக ரொட்டி விற்ற தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஓட்டியது கனத்த இரும்பு சைக்கிளைத்தான். 'ரொட்டி பெங்காலி' என்ற பெயருக்கும் வங்காளத்துக்கும் தொடர்பில்லை, கூட்டாகத் தொழில் நடத்திய 'பங்காளி'களிடமிருந்து வந்த பெயர் அது என்று சொல்வோரும் உண்டு. பால்காரர்களும் அதே மாதிரி சைக்கிளில்தான் பாத்திரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டங்களையும் தாமான்களையும் சுற்றினார்கள். தடித்த ஸ்போக்குகள், ஃபிரேமோடு இறுகப் பூட்டிய இரும்புக் கேரியர், எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும் உதிரிபாகங்கள். நெடும்பயணத்துக்கான இலக்கணம் அந்தச் சைக்கிளிலேயே இருந்தது.

உதிரிபாகம் கிடைப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு மலாயா வரலாற்றிலேயே ஒரு கசப்பான சான்று இருக்கிறது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15-க்குள் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டது. அதன் காலாட்படையில் பெரும்பகுதி சைக்கிளில்தான் தெற்கே நகர்ந்தது. ஜப்பானிய ராணுவ அதிகாரி மசனோபு சுஜி பின்னர் எழுதிய நூலில் இதை விவரித்திருக்கிறார். போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயா முழுவதும் விற்பனையாகியிருந்ததால், வழியில் எந்த ஊரிலும் மாற்று உதிரிபாகம் கிடைத்தது. வெயிலில் டயர்கள் வெடித்தபோது வீரர்கள் டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்தப் படையின் ஆட்சியில்தான் நம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஆகவே இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊர்க்கடையில் பழுது பார்க்க முடிந்த சைக்கிள்தான் தூரம் போகும் என்ற தொழில்நுட்ப உண்மை மட்டும் மாறவில்லை.

சமாதான காலத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி 1963-இல் ஐரோப்பாவிலிருந்து தனியாக டெல்லி வரை வந்தார். அவருடைய சைக்கிள் ஏறக்குறைய 17 கிலோ எடை கொண்ட ஆண்கள் சைக்கிள். கிளம்பும் முன், ஆசியச் சாலைகளில் மூன்று வேக கியர் பழுதானால் யார் சரிசெய்வது என்று யோசித்து, இருந்த கியரையும் கழற்றி வைத்துவிட்டார். மாற்று டயர்களை வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். அதற்கு விலையாக மலைப்பாதைகளில் பல இடங்களில் இறங்கித் தள்ளவும் வேண்டியிருந்தது. 1977-இல் ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா, சுவீடனில் இருந்த தம் காதலியைத் தேடி டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டதும் ஒரு பழைய சைக்கிளில்தான். ஜெர்மானியரான ஹைன்ஸ் ஷ்டூக்கே 1962-இல் வீட்டைவிட்டுக் கிளம்பி, மூன்று கியர் கொண்ட கனமான இரும்பு சைக்கிளில் பல பத்தாண்டுகள் உலகைச் சுற்றினார். விலையுயர்ந்த சைக்கிள் இவர்களில் யாரிடமும் இல்லை.

பழைய மலையேறு சைக்கிள்

இன்றைக்குக் குறைந்த செலவில் தேடுபவருக்கு மிகச் சரியான தேர்வு, 1990-களில் வந்த பழைய இரும்பு மவுண்டன் பைக். முன்பக்கம் ஸ்பிரிங் இல்லாத நேரான ஃபோர்க் உள்ளதாக இருக்க வேண்டும். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் பாரத்தைக் கூட்டுமே தவிர, நெடுஞ்சாலையில் அதனால் பயனில்லை. அந்தக் கால மவுண்டன் பைக்குகளில் ஃபிரேம் தடிமன், டயருக்கு இடம் தாராளம். முக்கியமாக, பின்சக்கர அச்சுக்கு மேலே கேரியர் பூட்டுவதற்கான திருகு துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் இல்லாத சைக்கிளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பயணத்துக்கென்று வாங்குவதில் பொருளில்லை.

இரும்பு ஃபிரேம் உடைந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. மெல்லிய குழாய் கொண்ட ஃபிரேமை, இரும்புக் கதவு ஒட்டும் பட்டறையில் கொடுத்தால் ஓட்டை விழுந்துவிடும். பத்து நாள் பயணத்துக்கு நல்ல அலுமினிய ஃபிரேமும் போதும். கார்பன் மட்டும் வேண்டாம். கேரியரின் பிடியும் சாமான்களின் உரசலும் அதற்கு ஆகாது.

பினாங்கில் தேடத் தொடங்குபவர்கள் முதலில் போகும் இடம் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை. காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே முழு சைக்கிள் அமையாவிட்டாலும் கேரியர், பெடல், சீட், ஸ்பேனர் போன்றவை கிடைக்கலாம். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய பொருள்களை விற்கும் கடைகளும், முடா, காருசெல் போன்ற இணையச் சந்தைகளும் அடுத்த வழி. இவற்றையெல்லாம்விட நல்லது, பல வருடங்களாக ஒரே இடத்தில் இருக்கும் சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி வைப்பது. பழைய சைக்கிளைக் கொடுத்துப் புதியது வாங்குபவர்கள் அவரிடம் வந்துகொண்டே இருப்பார்கள். அவரிடம் வாங்கினால் சக்கரத்தை இழுத்துச் சரிசெய்து தரும் கையும் கூடவே கிடைக்கும். அத்தகைய கைகள் ஜார்ஜ்டவுனில் குறைந்துகொண்டே வருகின்றன.

பழைய சைக்கிளின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், அது யாருடையது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் முறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றவியல் சட்டம் 411-ஆவது பிரிவின்கீழ் குற்றம்.

சந்தையிலேயே செய்யும் சோதனை

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஃபிரேமைத் தடவிப் பார்க்க வேண்டும். ஹேண்டில் குழாய் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய இடம், பின்சக்கரம் பூட்டும் கவை ஆகிய மூன்று இடங்களில்தான் விரிசல் வரும். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் அடியில் துரு இருக்கிறது. மேல்துரு பெரிய குறை அல்ல, உப்புக்காற்று வீசும் தீவில் அது இல்லாத பழைய சைக்கிளைப் பார்ப்பதுதான் அரிது. சீட் கம்பமும் ஹேண்டில் கம்பமும் அசைகின்றனவா என்று மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். பல வருடம் ஒரே இடத்தில் இறுகிப்போன சீட் கம்பத்தை எடுப்பது பெரும்பாடு.

அடுத்து செயின். இதற்கு ஓர் அடிக்கோல் போதும். செயினின் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். ஆகவே கோலின் தொடக்கத்தை ஒரு பின்னின் மையத்தில் வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் மையம் சரியாக விழ வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின் பற்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்தச் செலவைக் காட்டியே பேரம் பேசலாம்.

பலர் ஏமாறுவது டயர் அளவில்தான். '26 அங்குலம்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மவுண்டன் பைக்கின் 26 அங்குல ரிம் 559 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஜப்பானிலிருந்து வரும் கூடை வைத்த நகர சைக்கிள்களின் 26 அங்குலம் பெரும்பாலும் 590 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 50-559, 37-590 என்பதுபோல் சிறிய எழுத்தில் இருக்கும் எண்தான் உண்மையான அளவு. புதிய சைக்கிள்களில் காணப்படும் 700சி, 29 அங்குலம் இரண்டுக்குமே ரிம் 622 மில்லிமீட்டர். வாங்கும் சைக்கிளின் அளவுக்குரிய டயரும் டியூபும் போகும் வழியிலுள்ள சிறிய ஊர்களில் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கிடைக்காது என்றால் மடிக்கக்கூடிய டயர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கைநீட்டிச் செலவழிப்பது

300, 400 வெள்ளிக்குள் ஒரு பழைய சைக்கிள் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் முதலில் கை வைக்க வேண்டியது பின்சக்கரம். 36 ஸ்போக் இருந்தால் சிறப்பு, 32 இருந்தாலும் சமாளிக்கலாம். ஸ்போக் முறிவது பெரும்பாலும் பாரம் கூடியதால் மட்டும் அல்ல. ஸ்போக்குகளின் இழுவிசை ஒரே சீராக இல்லாததால்தான். தளர்ந்த ஸ்போக்குகள் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் கழுத்தில் முறிகின்றன. கை தேர்ந்த ஒருவரிடம் சக்கரத்தைக் கொடுத்து எல்லா ஸ்போக்கையும் சமமாக இழுத்துத் தரச் சொல்வது, விலை கூடிய புதுச் சக்கரம் வாங்குவதைவிடப் பயனுள்ளது. பழைய ஹப்புகளில் பின் அச்சு வளைந்திருக்கக்கூடும். சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் சுழற்றினால் அதன் முனை ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். பயணத்தில் இரண்டு மூன்று மாற்று ஸ்போக்குகளை ஃபிரேமோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முறிவது பெரும்பாலும் செயின் இருக்கும் பக்கத்தில். அங்கே மாற்ற வேண்டுமானால் பற்சக்கரத் தொகுதியைக் கழற்றும் கருவியும் தேவை. அது கையளவுச் சாமான்தான்.

டயரைப் புதிதாகவே வாங்க வேண்டும். ஒன்றேமுக்கால் அல்லது இரண்டு அங்குல அகலம், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளது. பழைய டயரில் பூ இருந்தாலும் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருந்தால் அது பாரத்தில் கிழிந்துவிடும். பிரேக் கட்டைகள், பிரேக் கேபிள்கள், ஹெல்மெட் ஆகியவற்றிலும் பழையது கூடாது. ஹெல்மெட் ஒருமுறை அடி வாங்கியிருந்தால் உள்ளே நுரைப்பகுதி உடைந்திருக்கும், வெளியே தெரியாது.

கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். 25 கிலோ என்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சீட் கம்பத்தில் மட்டும் பிடித்து நிற்கும் கேரியர் மழைச்சட்டை வைக்கத்தான் உதவும். கேரியரைவிட அதிகமாக உடைவது அதைப் பூட்டும் திருகாணி. நல்ல திருகாணிகளை வாங்கி, கழலாமல் பிடிக்கும் நட்டு போட்டு, நான்கைந்து உபரியாக வைத்துக்கொண்டால் ஆகும் செலவு ஒரு தே தாரேக்கின் விலைதான்.

கியர் விஷயத்தில் மர்ஃபியின் வழியைப் பின்பற்ற வேண்டியதில்லை. முன்னால் 24 பல், பின்னால் 32 பல் உள்ள பழைய மவுண்டன் பைக்கில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகரும். முன்னால் 34, பின்னால் 28 உள்ள பந்தய சைக்கிளில் அதுவே இரண்டரை மீட்டர். மேட்டில் 20 கிலோ பாரத்தோடு ஏறும்போது இந்த ஒரு மீட்டர் வித்தியாசம்தான் முழங்காலைக் காப்பாற்றும். 21 கியரா, 27 கியரா என்பதைவிட, மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதே கேள்வி. பழைய ஏழு கியர் அமைப்புக்கான செயினும் பற்சக்கரமும் விலை குறைவு, எளிதாகக் கிடைப்பவை.

பையும் படுக்கையும்

இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஜெர்மனியின் ஓர்ட்லீப் போன்ற நீர் புகாத பைகள் அருமையானவை, பல வருடம் உழைப்பவை. ஆனால் முதல் பயணத்துக்கு அவை தேவையில்லை. உலகெங்கும் சிக்கன சைக்கிள் பயணிகள் மூடியுள்ள சதுர பிளாஸ்டிக் வாளிகளையே இரு பக்கமும் கொக்கி போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நம் சாப்பாட்டுக் கடைகளில் தீர்ந்துபோன அத்தகைய வாளிகளைக் கேட்டு வாங்கலாம். மழை உள்ளே போகாது, இறக்கி வைத்தால் உட்காரவும் ஆகும். பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்காதபடி சற்றுப் பின்தள்ளி மாட்ட வேண்டும், வளைவில் திரும்பும்போது ஆடக்கூடாது, அவ்வளவுதான். சாதாரணத் துணிப்பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டாலும் வேலை நடக்கும். இறுக்கிக் கட்ட, மோட்டார் சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் பழைய டியூபை நாடாவாக வெட்டியெடுத்தால் அதைவிட நல்ல கயிறு இல்லை.

நம் வெக்கையில் உறக்கப்பை தேவைப்படாது. ஒரு கைலி, கொசுவலையுள்ள இலேசான கூடாரம், கீழே விரிக்க ஒரு பாய் போதும். டெக்கத்லான் போன்ற கடைகளில் தொடக்க விலைக் கூடாரங்கள் கிடைக்கின்றன. கோயில் மண்டபத்திலோ, குருத்துவாராவிலோ, சூராவ் உள்ள எண்ணெய் நிலையத்திலோ பொறுப்பாளரிடம் முறையாகக் கேட்டால் இரவு தங்க இடம் கிடைக்க வாய்ப்புண்டு. கேட்காமல் கூடாரம் அடிப்பதுதான் தகராறில் முடியும்.

பின்விளக்கு, ஒளி திருப்பும் மேல்சட்டை, ஹேண்டிலில் பூட்டும் சிறு கண்ணாடி ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. பின்னால் வரும் லோரியைத் தலை திரும்பாமல் பார்க்க முடிவது பாரத்தோடு ஓட்டுபவருக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாம் சேர்ந்ததும் உடனே எல்லைக்குக் கிளம்ப வேண்டியதில்லை. பினாங்குத் தீவே நல்ல சோதனைக்களம். தீவைச் சுற்றி வர சுமார் 70 கிலோமீட்டர். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வழியில் தித்தி கெராவாங் ஏற்றம் இருக்கிறது. முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வாரம் இடைவெளியில் இரண்டு முறை சுற்றினால் தளரும் திருகாணி தளர்ந்துவிடும், சரியில்லாத ஸ்போக் முனகிவிடும், தேவையில்லாத சாமான் எது என்பதை முதுகே சொல்லிவிடும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை அதிகம். பை நனைகிறதா என்று பார்க்க அதுவே தோதான காலம்.

நிலப்பகுதிக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பாலங்களிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஃபெரிதான் வழி. 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த புதிய ஃபெரிகளில் கார் ஏறாது. நடந்து வருபவர்களோடு மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏறும். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் கேரியரின் திருகாணிகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, விரைவுச்சாலைப் பக்கம் திரும்பாமல் வடக்கே கூட்டரசு சாலையைப் பிடித்தால், காலை ஏழு மணிக்குத் தொடங்கி உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தாலும், மாலைக்குள் அலோர் ஸ்டார் போய்ச் சேரலாம்.